சிஸ்டர் பதில்கள்: நீங்கள் விமானம் ஏறிய மறுநாள்

வெளிநாட்டு மருத்துவ முகாம்களுக்குத் தன்னார்வலராகப் போவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சியரா லியோனுக்கு ஐந்து முறை போய்வந்திருக்கிறேன். முதல் இரண்டு பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது குறைவு. அதையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் இரண்டு வார முகாமுக்கு ஓர் அமைப்பு அழைக்கிறது. செலவு நம்முடையது. "இங்கே தொடக்கூட விடமாட்டார்கள், அங்கே தையல் போடலாம், பிரசவமே பார்க்கலாம்" என்கிறார்கள். போகலாமா?

அந்த ஒரு வரிக்காகவே வேண்டாம் என்பேன். இங்கே ஏன் தொட விடுவதில்லை? நீங்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பதால். எல்லை தாண்டியதும் கைக்குப் பழக்கம் வந்துவிடாது. அங்கே படுத்திருப்பவருக்கும் வலிக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது பயணம், ஒரு மாவட்ட மருத்துவமனை. பத்து நாளில் நாற்பதுக்கு மேல் குடலிறக்க ஆபரேஷன் செய்தோம். தினமும் சாயங்காலம் சுவரில் எண்ணிக்கை எழுதி, கைதட்டிக்கொள்வோம். பதினோராம் நாள் விமானம் ஏறிவிட்டோம். மறு வருஷம் அதே மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். அங்கிருந்த சிஎச்ஓ ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். சிஎச்ஓ என்பவர் எம்பிபிஎஸ் படித்த டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற சமுதாய சுகாதார அலுவலர். அந்த நாட்டில் கிராமத்து வைத்தியத்தின் பெரும் பாரம் இவர்கள் தோளில்தான். 2011 முதல் இவர்களில் சிலருக்குச் சிசேரியன், குடலிறக்க ஆபரேஷன்கள்கூடக் கற்றுத்தருகிறார்கள்.

நாங்கள் போன பிறகு சீழ் வைத்துத் திரும்பி வந்த ஆறு பேரின் விவரம் அந்த நோட்டில் இருந்தது. எங்கள் கேஸ் ஷீட்டுகளோ எங்கள் பெட்டியிலேயே ஊருக்குப் போய்விட்டன. என்ன நூலில் தைத்தோம், உள்ளே தாங்கலுக்கு மெஷ் என்ற வலைத்துணி வைத்தோமா இல்லையா, என்ன ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், எதுவுமே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு புண்ணையும் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். கோபப்படவில்லை. "அடுத்த முறை தாளை விட்டுவிட்டுப் போங்கள்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் உங்களை அழைக்கும் அமைப்பிடம் ஒன்று கேளுங்கள். நாம் கிளம்பிய மறுநாள் காலையில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் யார்? ஆள் யார், எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு என்று சட்டென்று சொன்னால் மேலே பேசலாம். "உள்ளூரில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக இழுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்கு இந்த முகாம் பற்றித் தெரியுமா என்றும் கேளுங்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, யாரும் அழைக்காமலே ஏகப்பட்ட குழுக்கள் போய் இறங்கின. தங்களுக்கான தண்ணீர்கூட இல்லாமல் போனவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் 2013இல் உலக சுகாதார நிறுவனம் பேரிடர்க் காலத்து வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குக் குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்தது. உங்களுடையது பேரிடர் முகாம் இல்லைதான். ஆனாலும் பதிவு செய், சொந்தச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வழி பார்த்துக்கொண்டு வா, உள்ளூர் ஏற்பாட்டுக்குக் கட்டுப்படு என்பதெல்லாம் எந்த முகாமுக்கும் பொருந்தும்.

பார்க்க மட்டும் போகிறேன், ஒருவர் பின்னால் நின்று கற்றுக்கொள்கிறேன் என்றால் தாராளமாகப் போங்கள். இரண்டு வாரம் போதாது, இரண்டு மாதமாகப் பாருங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. முகாமில் எனக்கு வேலை இருக்குமா?

இருக்கும், எங்களைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். குழுவோடு போன இன்னொரு பயணத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஓர் எலக்ட்ரீஷியன். நன்கொடையாக வந்த, ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலனை 110 வோல்ட்டா என்று பார்க்காமல் 230 வோல்ட்டில் செருகிப் புகைய வைத்தோம். (செருகியது நான்தான்.) அவர் இல்லாவிட்டால் அந்த வாரம் ஒரு ஆபரேஷனும் நடந்திருக்காது.

ஆசிரியர் என்கிறீர்கள், இதையும் கேளுங்கள். சியரா லியோனில் கிரியோ மொழியில் "ஹவ் டி பாடி?" என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "உடம்பு எப்படி?" என்று அர்த்தம். ஆனால் அது வெறும் குசலம். "டி பாடி ஃபைன்" என்று பதில் வரும், காய்ச்சல் கொதித்தாலும் வரும். எங்கள் பதிவு மேசையில் இருந்தவர் அதைக் கேட்டு "தொந்தரவு இல்லை" என்று எழுதிக்கொண்டே போனார். உங்களைப் போலவே ஓர் ஆசிரியை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை, எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். மூன்றாவது கேள்வியில் ஒரு பெண் மெதுவாகச் சேலையை... இல்லை, அங்கே அதற்கு லாப்பா என்று பெயர், இடுப்பில் சுற்றும் துணி. அதை விலக்கிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். "தொந்தரவு இல்லை" என்று எழுதிய சீட்டு அவர் கையிலேயே இருந்தது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மிச்சமிருக்கும் மருந்துகளைச் சேகரித்து இரண்டு பெட்டி தயார் செய்திருக்கிறோம். கையோடு கொண்டுபோகலாமா?

வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1992 முதல் 1996 வரை போரின்போது போஸ்னியாவுக்கு நல்லெண்ணத்தில் வந்து குவிந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படுத்தவே முடியாதவை. அவற்றைப் பாதுகாப்பாக அழிப்பது அந்த நாட்டுக்குத் தனித் தலைவலியானது. அந்த மாதிரி அனுபவங்களால்தான் 1996இல் மருந்து நன்கொடைக்கு வழிகாட்டி விதிகள் வந்தன. நாடு சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மீதம் இருக்க வேண்டும். ஒருவர் வாங்கி மிச்சம் வைத்ததையும் இலவச சாம்பிளையும் அனுப்பக் கூடாது. அட்டையில் இருப்பது அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அவர்கள் கேட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ரத்த அழுத்த மாத்திரை முப்பது கொடுத்துவிட்டு வருவோம். முப்பத்தொன்றாம் நாள்? அந்த ஊர் மருந்தகத்தில் கிடைக்காத மாத்திரையை ஆரம்பித்து வைப்பதைவிட, அங்கே கிடைப்பது எது என்று பட்டியல் கேட்டு அதிலிருந்து எழுதித் தருவது மேல். பெட்டிக்கு ஆகும் விமானச் செலவை அந்த மருத்துவமனைக்கே பணமாக அனுப்புங்கள். வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: என் கணவர் மயக்க மருந்து நிபுணர். ஆறு வாரத்தில் முதல்முறையாகக் கிளம்புகிறார். தடுப்பூசி, ஊசி குத்திவிடுவது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான், அவரை உடனே பயண மருத்துவ ஆலோசனைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பல ஆப்பிரிக்க நாடுகளில் நுழைய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். மருத்துவத் துறையில் இருப்பவர் போட்டிருப்பார், ஆனாலும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவது டாக்டர்கள் செய்கிற தப்பு, நர்ஸ்கள் இவ்வளவு செய்வதில்லை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமே எங்கே போய்வந்தேன் என்பதாக இருக்கட்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரம் தாண்டாமல் ஆரம்பித்து, 28 நாள் சாப்பிட வேண்டும். முகாமில் அது எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி தேடியிருக்கிறேன்.

கேள்வி: முகாம் படங்களைச் சமூக வலைத்தளத்தில் போடலாமா?

உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் படத்தை முன்பின் தெரியாதவர் போட்டால் சரி என்பீர்களா? அதே பதில்தான்.

கேள்வி: பிசியோதெரபிஸ்ட். திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. இதயத்தில் ஓட்டையோடு வந்த ஒரு சிறுவனுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் நினைவாகவே இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

மூன்று மாதம் தூக்கம் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரிய காரியம் இல்லை, நானும் போனேன். வேலைக்கு லீவு போடாமல் சமாளித்துவிடலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டது என் மடத்தனம்.

அந்தச் சிறுவன் விஷயம்: அவனுக்கு இதய ஆபரேஷன் அந்த முகாமில் நடக்கச் சாத்தியமே இல்லை, அதை யார் கையாலும் செய்திருக்க முடியாது. ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க இப்போதும் முடியும். அந்த மருத்துவமனைக்கு எழுதுங்கள், சிகிச்சைக்காக வெளியே அனுப்பும் பட்டியலில் அவனைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். கெட்ட செய்தி வரலாம். தெரியாமல் விழித்திருப்பதற்குப் பதில் தெரிந்து அழலாம்.

நான் சொன்ன சிஎச்ஓவோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு முறை, அவர் பக்கம் சிக்னல் இருந்தால். சில சமயம் புண்ணின் படம் அனுப்புவார், முகம் தெரியாமல். போன மாதம் எதுவும் கேட்கவில்லை. தானே குடலிறக்கம் தைத்த ஒருவர் பத்தாம் நாள் நடந்து வந்தார் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். தாளை எடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.