பூட்டப்பட்ட பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்ற முடியுமா?

இணைய நிறுவனம் சில அமைப்புகளை மாற்ற முடியாதபடி பூட்டித் தந்த ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் நிலை) என்ற தெரிவே இல்லாதபோது, அதை மாடியில் வைஃபைக்காக மட்டும் பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேன், அதாவது வீட்டு உள்வலையமைப்பின் அமைப்புகளை மாற்றும் உரிமை இருந்தால் போதும், முடியும்.

முதலில், பழைய ரவுட்டரை மட்டும் கணினியுடன் கேபிளில் இணைத்து, அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 தரலாம், ஆனால் முதன்மை ரவுட்டர் பிற கருவிகளுக்கு வழங்கும் முகவரி வரம்புக்குள் அது வரக்கூடாது. அடுத்து, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையைப் பழைய ரவுட்டரில் நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டால், சில கருவிகள் பழைய ரவுட்டரையே இணையத்துக்கான நுழைவாயிலாகக் கருதி, வைஃபை முழு அளவில் தெரிந்தும் இணையம் கிடைக்காமல் நிற்கும். நிறுத்தும் வசதியையே மறைத்திருந்தால், வரம்பை ஒரே முகவரியாகச் சுருக்கி, அதையும் இல்லாத ஒரு மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் அடையாள எண்) ஒதுக்கிவிடலாம். அழகான தீர்வல்ல, ஆனால் வேலை செய்யும்.

பிறகு கேபிளை இரு ரவுட்டர்களின் லேன் துளைகளுக்கு இடையே செருகுங்கள். பழைய ரவுட்டரின் வேன் துளை (வெளி இணைய இணைப்புக்கானது) காலியாகவே இருக்கட்டும். வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகியவற்றை இரண்டிலும் ஒன்றாக வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை மட்டும் 1, 6, 11 ஆகியவற்றில் வெவ்வேறாகத் தேர்ந்தெடுங்கள்.

பழைய ரவுட்டரின் ரீசெட் பொத்தானை யாராவது அழுத்தினால் டிஎச்சிபி மீண்டும் உயிர்பெறும் என்பதால், அப்போது முதலில் லேன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.