பிஷப் என்றால் கண்காணி

கேள்வி: 'பிஷப்' அசல் ஆங்கிலச் சொல்தானா?

இல்லை, வந்து ஒட்டிக்கொண்ட சொல். மூலம் கிரேக்கம்: 'எபிஸ்கோபோஸ்'. 'எபி' என்றால் மேலே, 'ஸ்கோபோஸ்' என்றால் பார்ப்பவர். ஆக, மேற்பார்வையாளர். ஆரம்பத்தில் இதில் சமயமே கிடையாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தன் கூட்டணி நகரங்களைக் கவனிக்க அனுப்பிய அதிகாரிகளையும் இப்படித்தான் அழைத்தார்கள்.

கேள்வி: எபிஸ்கோபோஸ் எங்கே, பிஷப் எங்கே? நம்பும்படி இல்லையே!

லத்தீனில் அது 'எபிஸ்கோபுஸ்' ஆனது. பேச்சு வழக்கில் முதல் 'எ' உதிர்ந்தது, 'P' ஒலி இளகி 'B' ஒலியானது. பழைய ஆங்கிலத்தில் 'பிஸ்கோப்' என்று எழுதி 'பிஷோப்' என்று உச்சரித்தார்கள். போர்த்துக்கீசியத்தில் அதே சொல் 'பிஸ்போ', இத்தாலியத்தில் 'வெஸ்கோவோ'. பிரெஞ்சில் 'எவெக்'! ஆங்கில எழுத்தில் 'பிஷப்', 'எவெக்' இரண்டையும் எழுதிப் பாருங்கள். ஓர் எழுத்துகூடப் பொதுவாக இருக்காது. ஆனாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிஷப்புக்குரிய என்ற பொருளில் வரும் 'எபிஸ்கோபல்' மட்டும் பிற்பாடு படித்தவர்கள் லத்தீனிலிருந்து நேராக எடுத்தது. அதனால்தான் தேயாமல் முழுசாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் டெலஸ்கோப்பில் வருகிற 'ஸ்கோப்'?

அதேதான்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பைபிளில் 'பிஷப்' என்றே காணோமே?

பிலிப்பியர் முதல் அதிகாரம், முதல் வசனத்தைப் பாருங்கள்: 'கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்'. அந்தக் கண்காணிதான் எபிஸ்கோபோஸ். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு அமையாது என்பேன். ஆனால் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் ஆள் பிடித்து வேலை வாங்கியவரும் கண்காணிதானே. மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, அந்தப் பெயர் எப்படி ஒட்டும்? சீர்திருத்த சபைகளில் வழங்கிய 'அத்தியட்சர்' என்பதும் வடமொழியில் மேலிருந்து கண் வைப்பவர்தான். கிரேக்கத்தின் அதே அச்சு!

கேள்வி: கத்தோலிக்கர் 'ஆயர்' என்பதும் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) 'ஆயர்' என்பதும் ஒருவரையா?

இல்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் சபை குரு, பேராயர்தான் பிஷப். ஆயர் என்பது மேய்ப்பர். லத்தீன் 'பாஸ்டர்' என்பதற்கும் அதே பொருள்தான்.

கேள்வி: கதீட்ரல் என்றால் பெரிய கோவில்தானே?

அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்கத்தில் 'கதேத்ரா' என்றால் இருக்கை. பிஷப்பின் நாற்காலி எங்கே இருக்கிறதோ அதுவே கதீட்ரல். வேளாங்கண்ணி எவ்வளவு பெரிது! ஆனால் அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் இருப்பது தஞ்சாவூரில். அப்புறம், ஆங்கிலத்தில் நாம் உட்காருகிற 'சேர்' இருக்கிறதே, அதுவும் இந்தக் கதேத்ரா பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்ததுதான்.