பானைக்குள் யார் பெயர் இல்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் தாமே வினவி அறியும்படி வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிகளில் வலியுறுத்துகிறார்கள். ஏழாம் வகுப்பில் சோழர் பாடத்தின்போது, பானை ஒன்றை வைத்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குலுக்கி ஊர்ச் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை நடித்துக் காட்டச் செய்தேன். பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். ஆனால் மறுநாள் கேட்டபோது, “சோழர் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது” என்ற ஒரே விடையைத்தான் எல்லாரும் ஒப்பித்தார்கள். இந்த வயதில் செய்திகளைக் கற்றால் போதும், கேள்விகளைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். பாடங்களை முடிக்கவேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்வதில் பாதி உண்மை. செய்தி எதுவும் தெரியாத பிள்ளையிடம் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டால் வாய்க்கு வந்ததைத்தான் சொல்லும். ஆனால் செய்தியை முடிந்த முடிவாகக் கொடுப்பது வேறு, சான்றாகக் கொடுப்பது வேறு. நீங்கள் நடத்திய நிகழ்ச்சியில் செயல் இருந்தது. பிள்ளைகள் ஆராய்வதற்குச் சான்று இல்லை. அதனால்தான் அவர்கள் பழைய விடைக்கே திரும்பினார்கள்.

குடவோலையையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டையும் மற்றது 921ஆம் ஆண்டையும் சேர்ந்தது. இரண்டிலிருந்தும் ஏழெட்டு விதிகளை எளிய தமிழில் எழுதி, ஆளுக்கொரு தாளாகக் கொடுங்கள். முதல் கல்வெட்டு வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவின் உறுப்பினருக்கு முப்பது முதல் அறுபது வரை வயது வரம்பு வைக்கிறது. இரண்டாவது அதை முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றுகிறது. இரண்டே ஆண்டுகளில் ஏன் மாற்றினார்கள்? இதற்குக் கல்வெட்டு நேராக விடை தரவில்லை. நீங்களும் தரவேண்டாம். “இளைஞர்கள் சண்டை போட்டிருப்பார்கள்” என்று ஒரு மாணவன் சொன்னால், எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். வரியைக் காட்டமுடியாத ஊகத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் தனியே எழுதிவையுங்கள், அதை அழிக்கவேண்டாம். ஊகத்துக்கும் சான்றுள்ள முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு அதை எளிதில் மறக்காது.

அடுத்து, கணக்கு காட்டாதவர்களைப் பற்றிய விதியைக் கொடுங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய “சிற்றவ்வை பேரவ்வை மக்கள்” தொடங்கி, அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று நீளும் உறவினர் பட்டியலே அதில் விலக்கப்படுகிறது. சித்தி மகனையும் பெரியம்மா மகனையும் ஏன் விலக்கவேண்டும் என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். ஒரு விதி இருக்கிறதென்றால் அதற்கு முன்னால் ஏதேனும் நடந்திருக்கவேண்டும், அல்லது நடக்கும் என்ற அச்சமாவது இருந்திருக்கவேண்டும் என்பதை அவர்கள் அங்கிருந்தே கண்டுகொள்ளமுடியும். ஓலையை எடுக்க உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை அழைத்ததும், சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கியதும் இதே ஐயத்தின் அடையாளங்கள்தாம். நீங்கள் நடிக்கச் செய்த காட்சிக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது. ஆகவே தாள்களைப் படித்த பிறகு அதை மீண்டும் நடிக்கச் சொல்லுங்கள். இம்முறை விரல்களை விரிக்கும் மாணவனுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பானைக்குள் யாருடைய பெயர் இல்லை என்று கேட்கவேண்டும். இது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். உறுப்பினராகக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். உழுதவர்கள், பெண்கள், நிலமற்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் ஓலைக்கு வரவே வாய்ப்பில்லை. அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருக்கத்தான் சபை இந்த விதிகளை வகுத்தது. தேர்வும் வாக்கெடுப்பால் அல்ல, குலுக்கலால் நடந்தது. இவ்வளவையும் படித்த பிறகு “இது மக்களாட்சியா?” என்று கேளுங்கள். ஆம் என்பாரும் இல்லை என்பாரும் இருப்பார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் தாளிலிருந்து இரண்டு வரிகளையாவது எடுத்துக்காட்டவேண்டும் என்பதே நிபந்தனை. ஊர்ப் பெருமையைக் குறைக்கிறோம் என்று யாரேனும் குறைபட்டால் தயங்காதீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் கேட்பதை விதியாக எழுதிவைத்த ஊர் அது. அந்தப் பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

நேரத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தமுடியாது, நடத்தவும் வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதற்கு இரண்டு மூன்று பாடவேளைகள் போதும். மற்றவற்றை வழக்கம்போல் விளக்கிச் சொல்லலாம். தேர்வில் குடவோலை பற்றி வினா வந்தால் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகவே எழுதுவார்கள், ஏனென்றால் விதிகளை வைத்து வாதாடிய பிள்ளைக்கு விதிகள் நினைவில் நிற்கும்.

இரண்டு கல்வெட்டுகளுக்கும் எளிய தமிழில் தாள் தயாரித்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மற்ற ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளும்படி இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்