கோணல் வீடு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தில் மூடப்படும் கிராமத்து பப்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பர்மிங்காம் பக்கம் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் இருந்த பப் இரண்டு முறை பெயர் மாறி, இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. குடிக்கிற கடை ஒன்று போனதற்கு இவ்வளவு வருத்தம் எதற்கு? பெயர் மாறினால்தான் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம் ஊர் மதுக்கடையை மனதில் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது சரிதான். ஆனால் பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். ஊருக்கே பொதுவான கூடம் அது. அங்கே பெயர் என்பதே படமாகத்தான் வந்தது. ஏல் என்ற ஒருவகை பீர் விற்பவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட் ஆட்சியில் விதித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து வந்துவிடுவார். அந்த அரசரின் சின்னமான வெள்ளை மான், 'ஒயிட் ஹார்ட்' என்ற பெயரில் இன்றும் பல ஊர்களில் தொங்குகிறது.

பெயர் மாறுவது எப்போதுமே இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்குப் பக்கத்திலேயே, ஸ்டாஃபோர்ட்ஷையரில், ஹிம்லி இருக்கிறது. அங்கே 1765-ல் கட்டிய ஒரு பண்ணைவீடு. அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி அதன் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 4 அடி இறங்கிவிட்டது. பின்னாளில் பப் ஆன அந்த வீட்டின் பலகையில் ஒரு காலத்தில் இருந்தது நிலச்சுவான்தார் குடும்பத்தின் பெயர், 'கிளின் ஆர்ம்ஸ்'. ஊர்க்காரர்கள் அதைச் 'சைடன் ஹவுஸ்' என்றார்கள். அந்த வட்டாரப் பேச்சில் சைடன் என்றால் கோணல். கடைசியில் ஊர் சொன்னதுதான் நின்றது. பலகையும் 'க்ரூக்கட் ஹவுஸ்' ஆனது. உள்ளே மேசைமேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து உருளுவதுபோல் இருக்கும். சுவர், ஜன்னல் எல்லாமே சாய்ந்திருப்பதால் எது சமதளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதைப் பார்க்கவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

2023 ஜூலையில் அது கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7ஆம் தேதி மொத்தமாக இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த இடிப்புக்கு அனுமதி இல்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுபடி கட்டித் தரவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது. அது நடக்கக்கூடியதுதான். லண்டனில் 2015-ல் அனுமதியில்லாமல் இடித்த கார்ல்டன் டேவர்னை அப்படியே திரும்பக் கட்டவைத்து, 2021-ல் திறந்தார்கள்.

அப்புறம், உங்கள் தெருவுக்கு வருவோம். அந்தக் கட்டடத்தின் பழைய சுவர் ஏதாவது மிச்சமிருந்தால் நின்று பாருங்கள். பலகை தொங்கிய இரும்புக் கொக்கி மேலே இருக்கலாம். பீர் பீப்பாய்களை நிலவறைக்குள் இறக்கிய கதவு நடைபாதையில் இருக்கலாம். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் அந்த இடத்தை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பலகையில் இருந்த இரண்டு பெயர்களும் இல்லாமல், மூன்றாவதாக ஒன்று வரக்கூடும். வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.