சிக்கிள் செல் உள்ளவரை விமானத்தில் கூட்டிப்போகலாமா? லே வரை போகலாமா?

கேள்வி: கூடலூர்ப் பக்கம் இருக்கிறோம். தங்கைக்கு சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்). கோவையிலிருந்து விமானத்தில் டெல்லி, அப்புறம் லடாக்கில் இருக்கும் லே என்று குடும்பமாகப் போக ஆசை. அவளைக் கூட்டிப்போகலாமா?

பதில்: டாக்டர் பார்த்துச் சரி சொன்னால் டெல்லிக்குப் போகலாம். லே வேண்டவே வேண்டாம். என் மனைவிக்கும் இதே நோய்தான். அவரோடு பஸ், ரயில், விமானம் எல்லாவற்றிலும் போய்வந்திருக்கிறேன்.

எல்லோரும் விமானத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டியே 7,300 அடிக்கு மேல். ஊட்டி வழியாகக் கோவைக்குப் போகிறவள் அந்த உயரத்தை பஸ்ஸிலேயே தாண்டிவிடுகிறாள். அதற்காக அதையே டெஸ்ட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். சமீபத்தில் வலி வந்து அட்மிட் ஆகியிருந்தாலோ, நுரையீரல் தொந்தரவு இருந்தாலோ, ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட இறங்கியிருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் ஆக்சிஜன் தேவைப்படும் என்று டாக்டர் சொன்னால், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

எனக்கு பஸ்தான் பயம். நம் பெண்கள் பஸ் ஏறுவதென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நடுவழியில் எங்கே ஒதுங்குவது? இந்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. உடம்பில் நீர் வற்றினால் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அணு வளைந்து விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும். வலி கிளம்புவது அங்கேதான். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கிற காராகப் பார்த்துப் பிடியுங்கள். குளிரும் ஆகாது. என் மனைவி மே மாதத்தில்கூட பைக்காரா வருமுன்னே குல்லா, சாக்ஸ் போட்டுக்கொண்டு மடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிடுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

லே கிட்டத்தட்ட 11,500 அடி. விமானத்தில் போனால் உடம்பு பழகுவதற்குள் அங்கே இறக்கிவிட்டுவிடுவார்கள். இரவுக் குளிர் வேறு. அந்த மாதிரி உயரத்தில், நோயே இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்குக்கூட மண்ணீரல் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் உண்டு. இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அப்பா, அம்மா இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், நோய் இல்லாத பிள்ளையும் அதைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. தங்கையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் லே போவதானாலும் முதலில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் ஆசிட், வலி மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். சிக்கிள் செல் கார்டும் பழைய சீட்டும் கூடவே வேண்டும். வெளியூர் டாக்டருக்கு இந்த நோய் பழக்கமில்லாமல் இருக்கலாம். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ, லாட்ஜில் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். இவர்களில் பலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, கிருமி மளமளவென்று பரவிவிடும். நேராக ஆஸ்பத்திரிதான். நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லிக்கு டிசம்பர், ஜனவரி வேண்டாம், குளிர். மே, ஜூன் வெயில். அக்டோபர் கடைசியிலிருந்து புகை. பிப்ரவரிக் கடைசி, மார்ச் என்றால் டெல்லியோடு ஆக்ராவையும் பார்த்துவிட்டு வரலாம்.