தண்ணி ஏறிய வீட்டை விற்கிறீர்களா? பெயின்ட் அடிக்க முதல் இதை வாசியுங்கள்

கம்பளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகாவலிக் கரையோரம் வீடு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது ஜன்னல் மட்டம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. இப்போது வீட்டை விற்றுவிட்டு வத்தளையில் இருக்கும் மகளிடம் போக நினைக்கிறார். தரகர் ஒருவர் ஆளும் பிடித்து மூன்று லட்சம் அட்வான்சும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சுவருக்கு நல்லா பெயின்ட் அடிச்சிடுங்க சேர், தண்ணி வந்த கதையை நாம எடுக்கத் தேவையில்ல" என்கிறாராம். வாங்கியவர் பின்னால் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

போடலாம் சேர். வெல்லவும் செய்யலாம்.

நம் இலங்கையில் காணி, வீடு விற்பனைக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம்தான் இன்னும் அடிப்படை. அதன்படி, விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரே பொறுப்பு. குறை பெரிதென்றால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம், இல்லாவிட்டால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். தரகர்மாருக்கு இதற்கு ஒரு மந்திரம் தெரியும்: "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) ஒரு வரி போட்டால் சரி." அந்த வரி, குறையை அறியாத விற்பனையாளரைக் காப்பாற்றும். தெரிந்துகொண்டே மறைத்தவரைக் காப்பாற்றாது.

உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க ஒன்றும் கஷ்டமில்லை. வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் கொடுத்த 25,000 ரூபாயை வாங்கியிருந்தால் கிராம உத்தியோகத்தரின் பட்டியலிலும் பிரதேச செயலகத்திலும் உங்கள் பெயர் இருக்கும். கொடுப்பனவுக்கு உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த விண்ணப்பம் பிறகு உங்களுக்கே எதிரான சாட்சியாக வரும். அடுத்த வீட்டுக்காரரின் போனில் இருக்கும் வீடியோ வேறு.

இன்னொரு விலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் பிழையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிகிற குறைக்கோ, வாங்குபவருக்கு ஏற்கனவே தெரிந்த குறைக்கோ நீங்கள் பொறுப்பில்லை. சுவரில் தண்ணீர்க் கோடு பளிச்சென்று இருக்கிறது, அவரும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினார் என்றால் நீங்கள் பெரும்பாலும் தப்பினீர்கள். ஆனால் அதே கோட்டின்மேல் பெயின்ட் அடித்த நிமிடமே தெரிந்த குறை மறைந்த குறையாகிவிடுகிறது, அதை மறைத்தவர் என்ற பெயரும் உங்களுக்கே வருகிறது. "வாங்குபவரும் இதே தெருதான், அன்றைக்கு எங்களோடு சேர்ந்துதான் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார், அவருக்குத் தெரியாதா" என்பீர்கள். தெரியும்தான். ஆனால் உறுதி அவர் பெயரிலா எழுதப்படுகிறது? கட்டாரில் வேலை செய்யும் மகனின் பெயரில் எழுதுவார்கள். ஐந்து வருஷம் கழித்து, அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு, அந்த மகன் வந்து "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பார். அப்பா அதற்குள் காலமாகியும் இருக்கலாம். ஆகவே தெரிந்தவரோ தெரியாதவரோ, எழுதிக் கொடுங்கள்.

என்ன எழுதுவது? தண்ணீர் வந்த திகதி, எந்த அறையில் எத்தனை அடி, பிறகு என்ன திருத்தினீர்கள், கொடுப்பனவு வாங்கினீர்களா, மண்சரிவு பற்றி எந்த அதிகாரியாவது எச்சரிக்கைக் கடிதம் தந்தாரா. அவ்வளவுதான், ஒரு பக்கம். கோட்டின் படங்களையும் சேர்த்து, வாங்குபவர் வாசிக்கும் மொழியில் எழுதி, ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்தை வாங்குங்கள். "இனி தண்ணி வராது" என்று வாயாலும் சொல்லாதீர்கள், எழுத்தாலும் சொல்லாதீர்கள். பின்பக்கம் சரிவு இருந்தால், மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை வாங்குபவரே தன் செலவில் எடுக்கட்டும்.

அடுத்தது காணியின் அளவு. வெள்ளம் கரையை அரித்துக்கொண்டு போயிருக்கும், பழைய பிளானில் 18 பேர்ச் என்றிருப்பது இன்று 15 கூட இல்லாமல் போகலாம். பழைய பிளானை வைத்தே உறுதி எழுதினால் இல்லாத மூன்று பேர்ச்சை விற்றவர் நீங்கள்தான். புதிதாக அளந்துவிட்டு விலை பேசுங்கள். கங்கையோர ஒதுக்குக்குள் (கட்டடம் கட்டாமல் விடவேண்டிய ஆற்றங்கரை நிலத்துக்குள்) கட்டியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அண்ணன் தம்பிமாருக்குப் பங்கிருந்தால் அவர்களும் கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்த மூன்று லட்சத்துக்கு முத்திரை ஒட்டிய ரசீது மட்டும்தானே இருக்கிறது? 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, நொத்தாரிசுக்கும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதாத காணி உடன்படிக்கைக்குச் சட்டத்தில் வலுவில்லை. நாளைக்கு வாங்குபவர் பின்வாங்கினால் அந்த ரசீதைக் காட்டி அவரைக் கட்டிப்போட உங்களால் முடியாது, அவரோ காசைத் திருப்பிக் கேட்பார்.

தரகர் இனி என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முத்திரை வரி மிச்சமாகும், உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்பார். வழக்கென்று வந்தால் இருவரும் பொய்யர்களாகக் கூண்டில் நிற்பீர்கள், அவர் கமிஷனோடு வேறு வீட்டுக்குப் போயிருப்பார். "நீங்கள் அலையவேண்டாம்" என்று, உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்துக் கேட்பார், கொடுக்கவே கொடுக்காதீர்கள். இன்னொன்று, மலையகத்தில் பல உறுதிகள் விற்பவருக்குப் புரியாத மொழியில்தான் எழுதப்படுகின்றன. வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து வாங்கியதாக நொத்தாரிசு அதிலேயே அத்தாட்சிப்படுத்துகிறார், நடப்பதோ "இங்கே வைங்க, இங்கே வைங்க" என்பதுதான். நானும் நொத்தாரிசுதான், எங்கள் ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறேன். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மாவட்ட நீதிமன்றத்தில் தவணை தவணையாக வருஷக்கணக்கில் ஏறி இறங்குவதைவிட அந்தப் பத்து நிமிஷம் மேல்.

சரி, இப்போது செய்யவேண்டியது. பெயின்டை நிறுத்துங்கள். தரகர் இல்லாமல் வாங்குபவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வார், குறையத்தான் செய்யும். வேண்டாம் என்றால் அட்வான்சைக் கொடுத்து, திருப்பித் தந்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் உடனே அளப்பவரைப் பிடியுங்கள், மழை பிடித்துவிட்டால் கங்கைக் கரையில் அளக்க ஒருவரும் வரமாட்டார்.