பரிசாகக் கொடுக்க, மேசைமேல் வைக்கும் சின்ன ஆர்கேட் பெட்டியை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஆர்கேட் பெட்டி என்பது முன்பு காசு போட்டு ஆடிய வீடியோ ஆட்ட இயந்திரம். அதைச் செய்ய, பலகையைத் தொடுவதற்கு முன் திரையை வாங்கிவிடுங்கள். பெட்டியின் அகலம், சாய்வு, எடை எல்லாவற்றையும் திரைதான் தீர்மானிக்கும். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை அப்படியே வெட்டிவிட்டு அதற்கேற்ற திரையைத் தேடி அலைவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் முதல் இடம்.

எந்தத் திரை? பழைய 19 அங்குல, 5:4 (அகலம்:உயரம்) கணினி மானிட்டரைத்தான் சொல்வேன். பழைய ஆர்கேட் ஆட்டங்கள் 4:3 திரைக்காக எழுதப்பட்டவை. 1980இன் பேக்-மேன், 1981இன் கேலகா போன்றவை அதே திரையை நிமிர்த்தி வைத்து 3:4 ஆக ஓடியவை. 19 அங்குல 5:4 மானிட்டரின் காட்சிப் பரப்பு சுமார் 376 × 301 மிமீ. அதில் கிடைமட்ட ஆட்டம் 376 × 282 மிமீ அளவிலும், செங்குத்து ஆட்டம் 226 × 301 மிமீ அளவிலும் வரும். 21.5 அங்குல அகலத்திரையின் பரப்பு சுமார் 476 × 268 மிமீ. அதில் அதே ஆட்டங்கள் 357 × 268, 201 × 268 என்று சுருங்கிவிடும். அதாவது பெட்டி 10 செ.மீ. அகலமாகியும் படம் சிறியதாகிறது. சின்னப் பெட்டிக்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

வாங்கும்போது ஒரு சோதனை அவசியம். மானிட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்து மறுபடி செருகுங்கள். தானாக எரிந்தால் நல்லது. பட்டனை அழுத்தினால்தான் எரியும் என்றால், பெட்டிக்குள் போன பிறகு ஒவ்வொரு முறையும் அதை எட்டுவது பெரும்பாடு. மானிட்டரின் பின் கூட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் மின்பலகையின் கெப்பாசிட்டர்கள் பிளக்கை எடுத்த பிறகும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். பின்புறம் 75 அல்லது 100 மிமீ இடைவெளியில் உள்ள நான்கு வீசா துளைகளில் (சுவரில் மாட்டுவதற்கான துளைகள்) எம்4 (4 மிமீ) ஸ்க்ரூ போட்டு, ஒரு குறுக்குப் பலகையில் மாட்டினால் போதும்.

அடுத்து, ஒருவருக்கா இருவருக்கா? 19 அங்குலத் திரைக்கு வெளி அகலம் சுமார் 450 மிமீ வரும். அதில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஆளுக்கு ஆறு பட்டனும் அடங்கிவிடும். இரண்டு பேரின் தோள்கள் அடங்காது. இருவருக்கு வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் 600 மிமீ அகலமாக்கி இருபுறமும் நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவருக்கான பெட்டியாகச் செய்து, முன்பக்கம் இரண்டு யூஎஸ்பி சாக்கெட் வைத்தால் இரண்டாமவர் கேம்பேடில் ஆடலாம். பரிசு பெறுபவரின் மேசை சிறியது என்றால் இரண்டாவது வழியே மேல்.

பலகைக்கு 12 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தாராளம். இந்த அளவுப் பெட்டிக்கு சுமார் 1.25 சதுர மீட்டர் போகும். 12 மிமீ என்றால் ஏறக்குறைய 11 கிலோ, 18 மிமீ என்றால் 16 கிலோ, அதுவும் திரை இல்லாமல். எடை குறைந்த பெட்டி ஆட்டத்தின் வேகத்தில் நகரும் என்பதால், அடியில் நான்கு அகலமான ரப்பர் கால்கள் கட்டாயம். எம்டிஎஃபின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ இறக்கினால் பலகை பிளந்துவிடும். உள்மூலைகளில் 20 × 20 மிமீ மரச்சட்டம் ஒட்டி, சிறுதுளை போட்டு, அந்தச் சட்டத்தில் இறக்குங்கள். வெட்டிய விளிம்புகள் பெயின்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரப்பசையில் சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் 240 எண் உப்புத்தாளால் தேய்த்தால் அடங்கும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெரும்பாலான பெட்டிகள் கெட்டுப்போவது கட்டுப்பாட்டுப் பலகையில்தான். ஜப்பானிய வகை ஜாய்ஸ்டிக்குகள் மெல்லிய உலோகத் தகட்டில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை 12 அல்லது 18 மிமீ பலகையின் அடியில் அப்படியே மாட்டினால், மேலே கம்பி குட்டையாகிவிடும், கைக்குப் பிடி கிடைக்காது. ரூட்டர் (மரத்தைக் குடையும் மின்கருவி) இருந்தால் ஜாய்ஸ்டிக் உட்காரும் இடத்தில் அடிப்புறம் குடைந்து 5 மிமீ மட்டும் விடுங்கள். ரூட்டர் இல்லையா? மேலே 6 மிமீ பிளைவுட், கீழே ஜாய்ஸ்டிக்குக்கு இடம்விட்டு வெட்டிய 12 மிமீ பலகை என்று இரண்டடுக்காக ஒட்டிவிடுங்கள். அடியில் 60 மிமீ காலியிடம் இருந்தால் வயர்கள் நசுங்காது. கிளிப் வகைப் பட்டன்களும் மெல்லிய தகட்டுக்கானவைதான். தடித்த பலகைக்கு நட் போட்டு முறுக்கும் நீண்ட மறை உள்ள பட்டன்களை வாங்குங்கள்.

ஆட்டப் பட்டன்களுக்கு 30 மிமீ, ஸ்டார்ட்டுக்கும் காயினுக்கும் (காசு போட்டதாகக் கணக்கிடும் பட்டன்) 24 மிமீ துளை. மையத்துக்கு மையம் 36 மிமீ, ஜாய்ஸ்டிக்கிலிருந்து முதல் பட்டனுக்கு 65 மிமீ விட்டால் கை இயல்பாக உட்காரும். முதலில் அட்டையில் வெட்டி, பட்டன்களைச் செருகி, கையை வைத்துப் பாருங்கள். துளை போடும்போது அடியில் ஒரு வீண்பலகையை இறுக்கி வைத்தால் பின்பக்கம் சிதறாது. துளைகளைப் போட்ட பிறகே பெயின்ட். பெயின்ட் துளையை அரை மில்லிமீட்டர் சுருக்கும் என்பதால் கடைசியில் லேசாக ராவ வேண்டியிருக்கும்.

வயரிங் எளிது, ஆனால் லக் (பட்டனில் செருகும் வயர் முனை) அளவைப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானிய வகைப் பட்டன்களுக்கு 2.8 மிமீ; மைக்ரோசுவிட்ச் உள்ள அமெரிக்க வகைக்குப் பெரும்பாலும் 4.8 மிமீ. ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், பட்டன் அழுத்தியதைக் கணினிக்குச் சொல்லும் ஒரு யூஎஸ்பி என்கோடர் பலகை. ஒரே மாதிரி இரண்டை வாங்கும்போது, பட்டன்களை இரண்டிலும் ஒரே வரிசையில் செருகியே ஆக வேண்டும். மென்பொருளுக்கு இரண்டின் பெயரும் ஒன்றுதான், ஒரே அமைப்பைத்தான் இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும். செருகிய யூஎஸ்பி துளைகளையும் குறித்து வையுங்கள். மாற்றிச் செருகினால் முதல் ஆட்டக்காரர் இரண்டாமவர் ஆகிவிடக்கூடும்.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை, அதில் பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை அல்லது பட்டோசெரா மென்பொருள். சார்ஜரில் மிச்சம் பிடிக்காதீர்கள்: 5 வோல்ட், 3 ஆம்பியர். மெல்லிய நீட்டிப்பு வயர் போட்டாலும் அழுத்தம் விழும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் திரையில் மின்னல் குறி தெரியும், ஆட்டம் திக்கும். சூடு 80 டிகிரியை எட்டினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பின்பலகையில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை துளைகள் போட்டு, ராஸ்பெர்ரி பைக்குச் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள்.

ஒலிக்கு 3 அங்குல, 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டும் பிஏஎம்8403 ஆம்பிளிஃபயர் பலகையும் போதும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கக்கூடாது, எர்த்திலும் சேர்க்கக்கூடாது. அந்த ஆம்பிளிஃபயரின் அமைப்புக்கு அது ஷார்ட் செய்வதற்குச் சமம். ராஸ்பெர்ரி பையிலிருந்தே மின்சாரம் எடுத்தால் கொர்ரென்ற இரைச்சல் வரும். தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள்.

ஆட்டம் தொடங்கியதும் மெனுவுக்கே திரும்பினால் பெரும்பாலும் கோப்பின் பதிப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம். எடுத்துக்காட்டாக, பழைய ஆர்கேட் இயந்திரங்களைக் கணினியில் நிகழ்த்தும் மேம் மென்பொருளின் ‘மேம் 2003’ கோர் (ஆட்டத்தை ஓட்டும் பகுதி) 0.78 பதிப்புத் தொகுப்பைத்தான் படிக்கும். ஆட்டக் கோப்புகளுக்குக் காப்புரிமை உண்டு. ஆயிரக்கணக்கில் இறக்கி நிரப்பிய கார்டைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். வணிகநோக்கமற்ற பயன்பாட்டுக்கு உரிமையாளர்கள் அனுமதித்த கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற ஆட்டங்கள் மேம் தளத்திலேயே இருக்கின்றன.

பரிசு பெறுபவர் நேராக மெயின் சுவிட்சை அணைப்பார், எஸ்டி கார்டு கெடும். அதனால் ஒரு ஷட்டவுன் பட்டன் தேவை. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில், ஊசி வரிசையின் 5ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் நடுவே சாதாரணப் புஷ் பட்டனை இணைத்து, கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லே வரியைச் சேர்த்தால் அதே பட்டன் அணைக்கும், எழுப்பும். வேறு பின்னில் போட்டால் அணைக்க மட்டுமே முடியும். ஆட்ட மெனுவைக் காட்டும் எமுலேஷன்ஸ்டேஷனில், அமைப்புகளை மறைத்துவிடும் கியாஸ்க் முறையையும் இயக்கிவிடுங்கள்; குழந்தைகள் கை பட்டு அமைப்புகள் கலையாது.

பின்பலகையை ஒட்டாமல் கீல் போட்டுக் கதவாக்குங்கள். வேலை முடிந்ததும் கார்டின் நகலை இன்னொரு எஸ்டி கார்டில் எடுத்து, இரண்டு உபரி பட்டன், ஒரு மைக்ரோசுவிட்ச்சோடு சின்னப் பையில் போட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். காயின் பட்டன் எது, ஆட்டத்திலிருந்து வெளியேற எந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முன்பக்கமே வையுங்கள். கொண்டுபோகும் நாளில் ஜாய்ஸ்டிக்கின் தலைக்குமிழைக் கழற்றிவிடுங்கள். வழியில் இடி படுவது முதலில் அதுதான்.